கடைசிச் சாட்சி

காலையில் தண்ணீர் மோட்டார் ஓடத் தொடங்கும்போது எழுந்துவிடுகிறேன். பல் தேய்க்கிறேன். அடுப்பில் பால் வைக்கிறேன். அது பொங்குவதற்குள் சட்டைக்கு இஸ்திரி போடுகிறேன். காலரும் முன்பக்கமும் மட்டும். முதுகை யார் பார்க்கப் போகிறார்கள். டீயை எடுத்துக்கொண்டு சமையலறை ஜன்னலில் நிற்கிறேன்.

கீழே, பக்கச் சந்தில், மோட்டார் பெட்டியருகே டிரைவர் நிற்கிறார். வலது கை சுவிட்சின் மேல். தலையை அண்ணாந்து, மொட்டைமாடித் தொட்டியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் வழிகுழாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மழை பெய்தால் தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு நிற்பார். காய்ச்சலென்றால் அவர் மனைவி நிற்பாள். தொட்டிக்குள் விழும் தண்ணீரின் சத்தம் மெலியும். அப்போது கை கீழிறங்கும். ஒரு வருடமாக அந்தக் குழாயிலிருந்து ஒரு சொட்டு வழிந்ததில்லை. எங்கள் படுக்கையறை ஜன்னலுக்கு மேலே சன்ஷேடில் படர்ந்திருந்த பாசி காய்ந்து, பொருக்குத் தட்டி, உதிர்ந்துவிட்டது.

அவர் மேலே பார்ப்பார். நான் கீழே பார்ப்பேன். தலையசைப்பதுகூட இல்லை. டீ தீர்ந்ததும் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வேலைக்குக் கிளம்புவேன்.

அந்த வியாழக்கிழமை படிக்கட்டின் அடியில் மாமியார் நின்றிருந்தார். வீடு அவருடையது. கீழே அவர், மாடியில் நான். பின்பக்க அறையில் டிரைவர், அவர் மனைவி, ஏழு வயது மகள்.

"மாப்பிள்ளை, ஒரு நிமிஷம்."

"சொல்லுங்க அத்தை."

"ஞாயித்துக்கிழமை நன்றி ஆராதனை."

"தெரியும்."

"இந்த வருஷம் அவ பேரு வருது. நீங்க எழுந்து சொல்லணும்."

"பாக்கலாம்."

"ஒரு வருஷமா இந்தப் பாக்கலாம்தான். கல்லுல நார் உரிச்சிரலாம், உங்க வாயில இருந்து ஒரு வார்த்தை வாங்க முடியல." அவர் கதவு நிலையில் சாய்ந்துகொண்டார். "நல்லாக் கேட்டுக்கங்க. எங்கண்ணன் மகன் ஜெராக்ஸ் கடை போட இடம் தேடுறான். பின்ரூமுக்குப் பின்தெருவுல வாசல் இருக்கு. நான் இன்னும் சரின்னு சொல்லல. எம்பொண்ணு கடைசியா சொல்லிட்டுப் போன வார்த்தைக்குக் கட்டுப்பட்டு அவங்களை வெச்சிருக்கேன். ஆனா அதை நான் உங்க வாயால கேக்கல. போதகர் சொல்லித்தான் கேட்டேன். பக்கத்துல இருந்தவர் நீங்க. ஞாயித்துக்கிழமை நீங்க சபையில எழுந்து சொன்னா, அவங்க என் ஆயுசு வரைக்கும் இருக்கட்டும். சொல்லலைன்னா திங்கக்கிழமை அவன் வந்து அளவெடுப்பான்."

"அவங்க எங்க போவாங்க?"

"அதை என்கிட்டக் கேக்காதீங்க. உங்க வாய்கிட்டக் கேளுங்க."

கேட்டுக்கொண்டே பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் என் மனைவிக்கு நோய் குணமாயிற்று. அப்படித்தான் மருத்துவர் சொன்னார். ஸ்கேன் படத்தை விளக்கின் முன் பிடித்து, "ஒண்ணும் இல்ல, சந்தோஷமாப் போயிட்டு வாங்க" என்றார். அந்த வருட நன்றி ஆராதனைக்கு நானும் போனேன். எனக்கு நம்பிக்கை கிடையாது. அவள் போவாள், நான் பக்கத்தில் உட்காருவேன். எங்கள் கல்யாண ஒப்பந்தத்தில் அதுவும் ஒன்று.

நன்மை பெற்றவர்கள் அன்று சபைக்கு ஏதாவது கொடுப்பார்கள். பெரும்பாலும் சுவர்க்கடிகாரம். மண்டபத்தில் ஏற்கெனவே ஏழு கடிகாரங்கள் இருந்தன. ஏழும் ஏழு நேரம் காட்டின. அவள் முறை வந்தபோது வெறுங்கையோடு எழுந்தாள்.

"எனக்கு உசிரு திரும்பக் கிடைச்சிருக்கு" என்றாள். "அதுக்குப் போய் எட்டாவது கடிகாரம் குடுத்தா நல்லா இருக்காது. எங்க வீட்ல பின்ரூம் ஒண்ணு சும்மா கிடக்கு. எல்லையைத் தாண்டி வந்து பள்ளிக்கூடத்துல தங்கியிருக்காங்களே, அதுல ஒரு குடும்பத்தை அனுப்புங்க. வாடகை வேணாம்."

மண்டபமே கைதட்டியது. பக்கத்திலிருந்த மாமியாரும் தட்டினார். தட்டிய கையாலேயே மகளின் தொடையைக் கிள்ளினார். வீட்டுக்கு வந்து சிவந்த இடத்தைக் காட்டி அவள் அவ்வளவு சிரித்தாள்.

இவர்கள் வந்தார்கள். பேச்சு எங்கள் பேச்சுத்தான், இழுவை மட்டும் வேறு. அவர் அங்கே பஸ் ஓட்டியவர். ஊரைவிட்டு எல்லோரும் ஓடிய கடைசி நாளில் டிக்கெட் இல்லாமல் ஒரு பஸ் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு எல்லைவரை வந்து, இறங்கி நடந்தவர். அந்த பஸ்ஸின் சாவி இன்னும் அவரிடம் இருக்கிறது. அவருடைய லைசென்ஸ் இங்கே செல்லாது. அங்கே ஓட்டினார், இங்கே டிப்போவில் இரவு ஷிப்டில் பஸ் கழுவுகிறார்.

என் மனைவி அவர்களைத் திட்டாத நாள் கிடையாது. சந்தில் ஈரத்துணி காயப்போட்டால் திட்டு. குழந்தை சுவரில் கிறுக்கினால் திட்டு. மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோனால் மாடி ஜன்னலில் நின்றுகொண்டு, "ஏம்ப்பா, நம்ம வீட்டுக்கு அருவி வேணும்னு யாராவது கேட்டாங்களா?" என்பாள். திட்டி முடித்ததும் டிரைவரின் மனைவி மாடிக்கு வருவாள். இருவரும் டீ குடிப்பார்கள். ஒருமுறை கேட்டேன், சபையில் நல்ல பேர் வாங்கிவிட்டு இப்படித் திட்டுகிறாயே என்று.

"குடுத்தா குடுத்ததுதான்" என்றாள். "குடுத்துட்டாத் திட்டக் கூடாதுன்னு எதாவது சட்டமா? திட்டலைன்னாதான் அவங்க விருந்தாளி. விருந்தாளியா எத்தனை நாளைக்கு இருக்க முடியும், பாவம்."

எட்டு மாதம் கழித்து நோய் திரும்பி வந்தது. இந்தத் தடவை மருத்துவர் படத்தை விளக்கின் முன் பிடிக்கவில்லை. மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேசினார்.

மாமியாருக்கு அன்றே கணக்கு தப்பிவிட்டது. மகளின் கட்டிலருகே உட்கார்ந்து சொன்னார்: "குணமாச்சுன்னு நன்றி சொன்னோம். குணமாகலையே. அப்புறம் அந்த நன்றி மட்டும் எதுக்குப் பின்ரூம்ல சமைச்சுச் சாப்பிட்டுக்கிட்டு இருக்கு?"

"திருப்பிக் கேக்குறதுக்கு அது என்ன பக்கத்து வீட்டுக்குக் குடுத்த பாத்திரமாம்மா?" என்றாள் அவள். குரல் அப்போதே பாதியாகியிருந்தது.

மாமியார் சொன்னதில் தவறிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இப்போதும் தோன்றவில்லை. உயிரைக் கொடுத்தவர் கொடுத்ததை எடுத்துக்கொண்டார். வாங்கியவர் மட்டும் ஏன் சொன்ன சொல்லில் நிற்க வேண்டும் என்று எந்தப் போதகரும் எனக்கு விளக்கியதில்லை.

சபையில் இன்னொரு வழக்கமும் உண்டு. நன்றி ஆராதனையில் அந்த வருடம் இறந்தவர்களின் பெயரை வாசிப்பார்கள். இறக்கும்போது அருகிலிருந்தவர் எழுந்து, அவர் கடைசியாகச் சொன்னதைச் சொல்ல வேண்டும். கடைசிச் சாட்சி என்பார்கள். அந்தச் சபையில் யாரும் சும்மா செத்ததில்லை. எல்லோரும் அழகான ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடியிருக்கிறார்கள். தையல்காரர் கடைசியாக "ஃபேனைக் கூட்டு" என்றுதான் சொன்னார். அவர் மகனே என்னிடம் சொன்னான். மேடையில் அது "மேலிருந்து ஒரு குளிர்ந்த காற்று என்மேல் வீசுகிறது" ஆயிற்று. ஆமென் என்றது சபை.

அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் மனைவி சிரித்தாள். "நான் போறப்ப கேவலமா எதாவது சொல்லிட்டுத்தான் போவேன். அதை வெச்சு போதகரு என்ன பண்றாருன்னு பாக்கணும்."

"நீ எப்படிப் பாப்ப?"

"நீ பாத்துச் சொல்லு."

அவள் வீட்டில்தான் போனாள், ஒரு விடியற்காலையில். மாமியார் கீழே குளித்துக்கொண்டிருந்தார். போதகர் வந்தபோது அறை நிறையப் பெண்கள். அவர் என் தோளைத் தொட்டு, "கடைசியா என்ன சொன்னாங்க தம்பி?" என்றார். நான் கட்டிலின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பின்ரூம்ல இருக்கிறவங்களைப் பத்தித்தான் பேசினா" என்றேன். அது உண்மை.

"அவங்களைக் கைவிடாதீங்கன்னு சொன்னாங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. யாரோ தேம்பினார்கள். சாயங்காலம் அடக்கத்தில் போதகர் அதைச் சொன்னார். மறுநாள் தெருவே சொன்னது. அவர்களை அந்த மாதமே காலி பண்ணச் சொல்வதாயிருந்த மாமியார், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்த வாக்கியத்தைச் சொல்லி அழுதார்.

அதன் பிறகு என்னிடம் கேட்கத் தொடங்கினார். எப்படிச் சொன்னாள்? மெதுவாகவா? கண்ணைத் திறந்துகொண்டா? அம்மா என்று ஒரு வார்த்தை சொன்னாளா? நான் பாக்கலாம், அப்புறம் பேசலாம் என்று மாடிக்கு ஏறிவிடுவேன். அவர் முட்டாள் அல்ல.

நான் கான்கிரீட் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். கட்டுகிற இடங்களிலிருந்து கலவையை இரும்பு அச்சில் வார்த்துக் கட்டிகளாக்கி அனுப்புவார்கள். தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, நாள் வந்ததும் எடுத்துத் துடைத்து, இயந்திரத்தின் இரண்டு தட்டுகளுக்கிடையே வைத்து நசுக்குவேன். எவ்வளவு பாரத்தில் உடைகிறது என்று பார்ப்பதுதான் வேலை. உடைந்தால் சரி. சீக்கிரம் உடைந்தால் தப்பு.

வெள்ளிக்கிழமை மதியம் போதகர் அங்கேயே வந்துவிட்டார். நான் ஒரு கட்டியை ஏற்றியிருந்தேன். முள் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து பார்த்தார். டப்பென்று கட்டி உடைந்தது. ஓரடி பின்னால் துள்ளினார்.

"என்ன தம்பி, குண்டு மாதிரி வெடிக்குது."

"நல்ல கான்கிரீட் அப்படித்தான்யா உடையும்."

அவர் கர்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை ரெண்டே வரி. மைக்கைப் பிடிச்சு ரெண்டு வரி சொன்னாப் போதும்."

"எந்த ரெண்டு வரி?"

"அதான், அவங்களைக் கைவிடாதீங்கன்னு சொன்னாங்களே."

"அது நீங்க சொன்னது."

அவர் கதவைத் திரும்பிப் பார்த்தார். வேறு யாருமில்லை. "நீங்கதானே சொன்னீங்க, அவங்களைப் பத்திப் பேசினான்னு."

"பேசினா. கைவிடாதீங்கன்னு பேசல."

"அப்ப என்னதான் சொன்னாங்க?"

நான் அடுத்த கட்டியைத் துடைத்தேன். அவர் சட்டென்று கையை உயர்த்தினார்.

"வேணாம். சொல்லாதீங்க தம்பி. தெரிஞ்சுக்கிட்டா அப்புறம் நான் மேடையில வேற மாதிரி சொல்ல முடியாது."

அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. ஸ்டூலைத் தள்ளிப்போட்டேன். உட்கார்ந்தார்.

"இதையும் கேளுங்க. அந்த வார்த்தையைச் சொன்னதுக்கப்புறம் நம்ம சபையில நாலு வீடு கதவைத் தொறந்திருக்கு. நாலு குடும்பம் உள்ள இருக்கு. அதுக்கு முன்னாடி நான் தொண்டை கிழியப் பிரசங்கம் பண்ணேன், ஒருத்தரும் அசையல. எல்லாரும் கடிகாரம்தான் கொண்டுவந்தாங்க. பதிமூணு ஆயிருச்சு."

"அதுக்காக அவளைப் புனிதவதி ஆக்கணுமா?"

"செத்தவங்க கோவிச்சுக்க மாட்டாங்க தம்பி."

"இவ கோவிச்சுப்பா."

அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "உங்களுக்கு அவங்க மேல கோபமா? பின்ரூம்காரங்க மேல?"

நான் இயந்திரத்தைப் போட்டேன். அவர் இந்தத் தடவை காதைப் பொத்திக்கொண்டார்.

சனிக்கிழமை மாலை டிரைவர் மாடிக்கு வந்தார். அந்த ஒரு வருடத்தில் அவர் மாடி ஏறியது அதுதான் முதல் தடவை. குளித்து, தலை வாரியிருந்தார். உள்ளே வரச் சொன்னேன். வாசலிலேயே நின்றார்.

"நாளைக்கு நீங்க பேசணும்னு பேசிக்கிறாங்க சார்."

"ஆமா."

"பேச வேணாம். நாங்க கிளம்புறோம். டிப்போவுக்குப் பின்னால ஒரு ஷெட் இருக்கு. மேஸ்திரி சரின்னுட்டாரு."

"ஷெட்டுல குழந்தையை வெச்சுக்கிட்டு எப்படி?"

"பஸ்ல இருந்திருக்கோம். பள்ளிக்கூடத்துல இருந்திருக்கோம். ஷெட்டு மேல." கைகளைக் கட்டிக்கொண்டார், பிறகு அவிழ்த்தார். "உண்மையச் சொல்றேன் சார். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் முதல் வரிசையில உக்காந்து, எழுந்து, நன்றி நன்றின்னு சொல்லி நாக்கே தேஞ்சுபோச்சு. அக்கா இருந்தவரைக்கும் அது தெரியல. அவங்கதான் திட்டுவாங்களே. வாங்கின திட்டுக்கு வாடகை சரியாப்போச்சுன்னு எங்க வீட்டுக்காரி சிரிப்பா."

நான் கதவை இன்னும் அகலமாகத் திறந்தேன். அவர் உள்ளே வரவுமில்லை, போகவுமில்லை.

"அன்னிக்குக் காலைல" என்றார். "ஷிப்டு முடிஞ்சு வந்து மோட்டாரைப் போட்டேன். படியில உக்காந்தேன். கண்ணு அசந்துட்டேன். முழிச்சா, தண்ணி சன்ஷேடுல கொட்டிக்கிட்டு இருக்கு. நீங்க கீழ வந்து நின்னு சுவிட்சை அணைக்குறீங்க. என்னைப் பாத்தீங்க. ஒரு வார்த்தை சொல்லல. மேல போனீங்க. அப்புறம்…" கையால் மாடியைக் காட்டினார். "அப்புறம் ஒரு சத்தமும் இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு உங்க அத்தை சத்தம்தான் கேட்டுச்சு."

"சரி."

"நீங்க கீழ வந்தப்ப அக்காவுக்கு உசிரு இருந்துச்சா சார்?"

"இருந்தது."

"திரும்பி மேல போனப்ப?"

"இல்ல."

ஒரு வருடமாக அவர் அதைச் சுமந்திருக்கிறார். நானும்தான். ஒரே கட்டிடத்தில், அவர் கீழே, நான் மேலே. நாலு மாதம் நான் அந்தக் கட்டிலைவிட்டு அசையாமல் இருந்தேன். கழிப்பறைக்குக்கூட அத்தையை உட்காரவைத்துவிட்டுத்தான் போவேன். ஒரே ஒரு தடவை இறங்கினேன்.

"அப்ப நான்தான் உங்களைக் கீழ இறக்கினது" என்றார் டிரைவர்.

வேறு யாராவது இருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பார்கள். விதி என்றிருப்பார்கள். போதகர் இருந்தால் அதற்கும் ஒரு வாக்கியம் வைத்திருப்பார்.

"ஆமா" என்றேன்.

அவர் தலையசைத்தார். கூலி சரியாக இருக்கிறது என்று வாங்கிக்கொள்கிறவர் போல. "சரி சார்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். படியிறங்கும்போது ஒருமுறை கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு வருடமாகச் சொல்ல நினைத்த வார்த்தை அது. சொன்னால் பாரம் குறையும் என்று நினைத்திருந்தேன். குறையவில்லை. வாய் கசந்தது. கொப்பளித்தேன். ஜன்னலைத் திறந்தபோது சந்தில் அவர் மனைவி காய்ந்த துணிகளை எடுத்து ஒரு மூட்டையில் கட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை பக்கத்தில் நின்று ஏதோ கேட்டது.

"எல்லாத்தையும் எடுக்கணுமாம்மா?"

"எல்லாத்தையும்."

"சுவத்துல வரைஞ்சதை?"

"அதை அழிச்சிரலாம். இல்லன்னா மாடிம்மா திட்டுவாங்க."

குழந்தை என் மனைவியை அப்படித்தான் கூப்பிடும். அவள் இல்லையென்று அதற்குத் தெரியும். ஆனாலும் ஈரத்துணியை எடுத்துவந்து சுவரைத் தேய்த்தது.

நான் ஜன்னலை மூடினேன். அவர்கள் போய்விட்டால் அந்தக் காலையைப் பார்த்தவன் நான் ஒருவன்தான் மிஞ்சுவேன். மற்ற எல்லோருக்கும் போதகரின் வாக்கியம் இருக்கிறது. அவள் திட்டியதை நினைவில் வைத்திருக்கிறவர்கள் அந்தப் பின்னறையில்தான் இருக்கிறார்கள். அந்த இடத்தில் ஜெராக்ஸ் மெஷினை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது.

இதில் கருணை எதுவுமில்லை. நன்றியும் இல்லை. எழுதி வைக்கிறேன், பின்னால் யாரும் வேறு மாதிரிச் சொல்லிவிடக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. பதிமூன்று கடிகாரங்களும் ஓடிக்கொண்டிருந்தன. எல்லையைத் தாண்டி வந்த ஐந்து குடும்பங்களும் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தன. எல்லோரும் பார்ப்பதற்கு வசதியாக எப்போதும் அங்கேதான் உட்காரவைப்பார்கள். டிரைவர் ஓரத்து நாற்காலியில் தலையைக் குனிந்திருந்தார்.

முதலில் ஒரு பெண்மணி தன் தகப்பனாரின் சாட்சியைச் சொன்னாள். "'வாசல் திறந்திருக்கிறது' என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார்" என்றாள். ஆமென் என்றார்கள். என் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அதிலிருந்து என் மனைவியின் குரல் என் காதில் கிசுகிசுத்திருக்கும்: கொசு வருது, கதவைச் சாத்துன்னு சொல்லியிருப்பாரு.

பிறகு அவள் பெயரை வாசித்தார்கள். போதகர் என்னைப் பார்த்தார். மூன்றாவது வரிசையிலிருந்து மாமியார் என்னைப் பார்த்தார். அவர் பக்கத்தில் அண்ணன் மகன், சட்டைப்பையில் இஞ்ச் டேப்போடு உட்கார்ந்திருந்தான். திங்கட்கிழமைவரை பொறுக்கவில்லை போல.

மைக் முன்னால் போய் நின்றேன். அது என் உயரத்துக்கு இல்லை. யாரோ வந்து உயர்த்திவிட்டுப் போனார்கள்.

"அவ கடைசியாப் பேசினது பின்ரூம்ல இருக்கிறவங்களைப் பத்தித்தான்" என்றேன்.

மண்டபம் காத்திருந்தது. டிரைவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இந்த இடத்தில் மோட்டாரைப் பற்றிச் சொல்லப்போகிறேன் என்று அவர் நினைத்தார். அவர் முகத்தில் அது தெரிந்தது. அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார். கை மகளின் தோள்மேல் இருந்தது.

"அவங்க அங்கேயே இருக்கணும்" என்றேன்.

இரண்டாவது வாக்கியம் என்னுடையது. யாரும் கேட்கவில்லை, யாருடையது என்று. ஆமென் என்று மண்டபம் முழுக்க ஒலித்தது. போதகர் மைக்கை வாங்கி, கைவிடாதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொண்டார். பின்வரிசையில் யாரோ எழுந்து, எங்கள் வீட்டிலும் ஓர் அறை இருக்கிறது என்றார்கள். பாட்டு தொடங்கியது.

பிறகு டிரைவரின் மகளை மேடைக்குக் கூப்பிட்டார்கள். எங்களுக்கு வீடு கொடுத்த எல்லோருக்கும் நன்றி என்று அது மனப்பாடம் செய்திருந்தது. பாதியில் மறந்துவிட்டது. கீழேயிருந்து தாய் உதட்டை அசைத்து எடுத்துக்கொடுத்தாள். கைதட்டல். டிரைவர் மட்டும் தட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் நன்றி இல்லை. அதுவரைக்கும் நல்லது.

வீட்டுக்கு நடந்து வரும்போது மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். எப்போதும் அப்படிச் செய்கிறவர் அல்ல.

"அவனைப் போகச் சொல்லிட்டேன் மாப்பிள்ளை. கடைக்கு வேற இடமா இல்ல?"

"சரி அத்தை."

"ஆனா நீங்க அதே வார்த்தையச் சொல்லலையே. அவ சொன்ன மாதிரி."

"சொன்னேனே."

"அது சபைக்கு. எனக்கு ஒருதடவை சொல்லுங்க. நான் அப்ப குளிச்சுக்கிட்டு இருந்தேன். எம்பொண்ணு போறப்ப நான் தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருந்திருக்கேன்."

கேட்டின் முன் நின்றுவிட்டார். சாவியைத் துளையில் வைத்துத் திருப்பாமல் நின்றார். அவரும் அந்த நேரத்தில் வேறெங்கோ இருந்தவர்தான். அது எனக்கு அதுவரை தோன்றவில்லை.

"அம்மாகிட்டச் சொல்லு, அவங்களைக் கைவிட வேணாம்னு சொன்னா" என்றேன்.

"அம்மான்னாளா?"

"ஆமா."

"மெதுவாவா?"

"மெதுவா."

அவர் அதை இரண்டு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. அந்தப் பொய் அவர் சாகும்வரை போதும். சாவியைத் திருப்பி உள்ளே போனார். உன் பந்தயத்தில் போதகர் ஜெயித்துவிட்டார், நானும் அவரோடு சேர்ந்துவிட்டேன் என்று அவளிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. பார்த்துச் சொல் என்றுதானே கேட்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை மோட்டார் ஓடியது. எழுந்தேன். பல் தேய்த்தேன். பால் வைக்கவில்லை. கீழே இறங்கிச் சந்துக்குப் போனேன்.

டிரைவர் சுவிட்சில் கை வைத்து அண்ணாந்து நின்றிருந்தார். மூட்டை அவிழ்க்கப்படாமல் வாசற்படியிலேயே இருந்தது. என்னைப் பார்த்ததும் ஒதுங்கி இடம்விட்டார். கையை மட்டும் எடுக்கவில்லை.

"நாங்க இன்னும் முடிவு பண்ணல சார்" என்றார்.

"அது உங்க இஷ்டம். நான் அதுக்கு வரல."

"பின்ன?"

"சனிக்கிழமை நான் ஆமான்னு சொன்னேன். அது என்னோட பதில். அவளோடது வேற. அவ என்னைக் கீழ அனுப்பினப்ப என்ன சொன்னான்னு யாருக்கும் தெரியாது. போதகருக்கு வேணாமாம். அத்தைக்கு வேற ஒண்ணு குடுத்துட்டேன். இது உங்களுக்குச் சேர வேண்டியது."

தொட்டியில் விழும் சத்தம் மெலிந்தது. அவர் சுவிட்சை அணைத்தார். பிறகுதான் என் பக்கம் திரும்பினார். நான் அவள் சொன்ன மாதிரியே சொன்னேன், அவள் பேச்சில், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல்.

"மறுபடியும் வழியுது பாரு. போய் நிறுத்திட்டு வா. நீ ஒண்ணும் திட்டாத, பாவம் நைட் ஷிப்டு. நான் நாளைக்குத் திட்டிக்கிறேன்."